இல்லத்தில் தொடங்கும் தொண்டு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



குடும்பத்தோடு செய்யும் பொதுத்தொண்டில் பிள்ளைகளின் பங்கு என்பது இவ்வுரைக்குரிய பொருள். இலக்கிய விழாவில் இதற்கு என்ன இடம் என்று சிலருக்கு ஐயம் எழலாம். தொண்டைப் பற்றிப் பேசும் துறைகள் இன்று பல உள்ளன. சமூகவியலார் பேசுகின்றனர், கல்வியாளர் பேசுகின்றனர், அரசுத் திட்டங்கள் பேசுகின்றன. ஆயினும் தொண்டு என்பது தனி மனிதரின் செயல் மட்டுமன்று, ஓர் இல்லத்தின் செயல் என்னும் கருத்தை மிகப் பழங்காலத்திலேயே வகுத்துச் சொன்னவை தமிழ் இலக்கியங்களே. ஆகவே இப்பொருளை இலக்கியத்தில் தொடங்கி, வாழ்வில் முடிப்பது பொருத்தமுடையது.

வள்ளுவர் வைத்த வரிசை

திருக்குறளின் அதிகார வைப்பு முறையை ஆராய்ந்தோர் பலர். அவ்வரிசையில் ஓரிடம் இங்கு நோக்கத்தக்கது. இல்லறவியலில் ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு. எட்டாம் அதிகாரம் அன்புடைமை. ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். பிள்ளை பிறக்கிறது, பிள்ளையால் அன்பு பெருகுகிறது, பெருகிய அன்பு வாசலுக்கு வெளியே நிற்கும் புதியவரைத் தேடிச் செல்கிறது. இந்த மூன்று படிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருப்பதில் ஓர் இயல்பான வளர்ச்சி தெரிகிறது. அன்பு பிள்ளையோடு நின்றுவிடுமானால் அது பாசம் என்ற அளவில் தங்கிவிடும். வாசலைத் தாண்டும்போதுதான் அறமாகிறது.

மக்கட்பேறு அதிகாரத்தில், தம் குழந்தையின் சிறிய கை துழாவிய கூழ் அமிழ்தத்தினும் இனியது என்னும் கருத்தைப் படிக்காத தமிழ் மாணவர் இல்லை. அந்தக் கை என்றும் சிறிய கையாகவே இருப்பதில்லை. தன் கூழைத் துழாவிய கை, பிறருக்குக் கூழ் வார்க்கும் கையாக வளர வேண்டும். அந்த வளர்ச்சிக்கு இடையில் நிற்பவர்கள் பெற்றோர்.

அதே இல்லறவியலில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23ஆம் அதிகாரம் ஈகை. கேட்டவர்க்குக் கொடுப்பது ஈகை. கேளாமலே ஊரோடு ஒத்து வாழ்ந்து, உலக நடையறிந்து உதவுவது ஒப்புரவு. இன்று பொதுத்தொண்டு என்று சொல்லப்படுவதற்கு மிக நெருங்கிய பழந்தமிழ்ச் சொல் ஒப்புரவுதான். அதனை விளக்க வள்ளுவர் எடுத்துக்கொண்ட உவமைகள் மூன்று: ஊருணியில் நிறைந்த நீர், ஊர் நடுவில் பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகப் பயன்படும் மரம். மூன்றும் ஒரு சிறுவன் தன் தெருவில் நாள்தோறும் காணக்கூடியவை. ஒப்புரவைப் பிள்ளைகளுக்கும் புரியும் மொழியில் சொல்லலாம் என்பதற்கு இவ்வுவமைகளே சான்று. இவ்விரண்டு அதிகாரங்களும் துறவறவியலில் வைக்கப்படவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. வீட்டை விட்டு வெளியேறியவர் செய்யும் பணியாக வள்ளுவர் தொண்டைக் கருதவில்லை. வீட்டில் இருப்பவர், வீட்டோடு சேர்ந்து செய்யும் பணியாகவே கருதினார்.

பசித்த வீடும் கொடுத்த வீடும்

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பாடிய இரு பாடல்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தல் வேண்டும். குமணனை நோக்கிப் பாடிய 160ஆம் பாடலில் அவர்தம் வீட்டுச் சிறுவன் வருகிறான். பாலில்லாத மார்பைச் சுவைத்து வெறுத்து, சோறில்லாத கலங்களைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறது என்று அச்சுறுத்துகிறாள், நிலவைக் காட்டுகிறாள், தந்தையிடம் கோபித்துக்கொள்வதை எப்படிச் செய்வாய் என்று கேட்டுப் பார்க்கிறாள். அழுகை அடங்கவில்லை.

163ஆம் பாடலில் அதே புலவர் குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பி மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்பியவர்க்கும், நீ விரும்பியவர்க்கும், உறவினர்க்கும், நம் பசி தீரக் கடன் தந்தவர்க்கும், இன்னாரென்று பாராமல் எல்லோர்க்கும் கொடு, என்னையும் கேளாதே, சேர்த்து வைத்து வாழலாம் என்றும் எண்ணாதே என்கிறார். கொடுக்கும் உரிமையை மனைவிக்கே முழுமையாக அளிக்கும் அரிய பாடல் இது.

அச்சிறுவன் இப்பாடலில் பேசப்படவில்லை. ஆயினும் அவன் அவ்வீட்டில்தான் இருந்திருப்பான். நேற்று வெறும் கலத்தைத் திறந்து பார்த்த அதே கண்களால், இன்று தாய் முகந்து முகந்து கொடுப்பதையும் அவன் பார்த்திருப்பான். கொடுத்தல் நல்லது என்று அவனுக்கு யாரும் தனியே சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை. பசி என்றால் என்ன என்பதை வயிற்றாலும், கொடை என்றால் என்ன என்பதைக் கண்ணாலும் அவன் கற்றுக்கொண்டிருப்பான். இன்றைய இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகள் இவ்விரண்டையும் காணாமலே வளர்கின்றனர். பசியை அவர்கள் அறியாமல் பெற்றோர் காக்கின்றனர், அது இயல்பு. கொடையையும் அவர்கள் அறியாமல் வங்கிக் கணக்கின் வழியே முடித்துவிடுகின்றனர்; அங்கேதான் குறை நேர்கிறது. நன்கொடை போய்ச் சேர்கிறது. பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டிய பாடம் சேர்வதில்லை.

இலை அரியச் சென்ற பிள்ளை

பெரியபுராணத்தில் தொண்டு பெரும்பாலும் குடும்பத் தொண்டாகவே காட்டப்படுகிறது. திருவதிகையில் திலகவதியார் கோயிலைத் திருவலகிட்டு, சாணத்தால் மெழுகி, மாலை தொடுத்துச் செய்துவந்த பணியை எண்ணிப் பார்க்கலாம். பெற்றோரை இழந்த வீடு அது. தமக்கை, தம்பி என்று இருவரே எஞ்சிய வீடு. தம்பி மருள்நீக்கியார் இளமையிலேயே நிலையாமை உணர்ந்து அறச்சாலையும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்தார், சோலை வளர்த்தார், குளம் தோண்டினார் என்று சேக்கிழார் உரைக்கிறார். பின்னர்ச் சமயம் மாறிச் சென்று, சூலை நோயுற்றுத் தமக்கையிடம் திரும்பி, நாவுக்கரசராகி உழவாரப்படை ஏந்தியவர் அவரே. தமிழ்நாட்டில் கைத்தொண்டின் அடையாளமாக விளங்கும் அந்தப் பெருமகனார்க்கு முன்பே அவ்வீட்டில் துடைப்பம் ஏந்தியவர் ஒரு பெண். தம்பியின் உழவாரத்துக்குத் தமக்கையின் அலகே முன்னோடி.

திங்களூர் அப்பூதியடிகள் வரலாறு இன்னும் நெருக்கமாக இப்பொருளுக்கு உரியது. நாவுக்கரசரைக் காணாமலே அவர்பால் அன்பு கொண்ட அடிகள், தண்ணீர்ப் பந்தலுக்கும் பிற அறங்களுக்கும் அவர் பெயரையே இட்டார். தம் பிள்ளைகளுக்கும் அப்பெயரையே இட்டார். நாவுக்கரசர் ஒருநாள் அவ்வூர்க்கு வந்தபோது, வீட்டில் அமுது செய்ய வேண்டினார். மனைவியார் அடுக்களையில் அமுது சமைக்க, மூத்த மகன் தோட்டத்தில் வாழை இலை அரியச் சென்றான். விருந்தோம்பலில் ஆளுக்கொரு பணி உண்டு. பிள்ளையின் பணி இலை கொணர்வது. பாம்பு தீண்டிய நிலையிலும் விடம் தலைக்கேறுமுன் இலையைத் தாயின் கையில் சேர்ப்பித்த பின்னரே அவன் வீழ்ந்தான் என்கிறது வரலாறு.

பிள்ளையின் இறப்பை மறைத்து விருந்தினரை உண்ண அழைக்கும் பெற்றோரின் செயல் இன்றைய உள்ளத்தை நடுங்கச் செய்கிறது. உண்மையறிந்த நாவுக்கரசர் உண்ண இசையவில்லை. முதலில் பிள்ளையை எழுப்பித்தந்து, அதன் பின்னரே அமுது செய்கிறார். அந்த இடம் ஆழ்ந்து படிக்க வேண்டிய இடம். தொண்டினும் பிள்ளையின் உயிர் பெரிது என்பதை, தொண்டுக்கே இலக்கணமான ஒருவர் தம் செயலால் நிறுவுகிறார். பிள்ளைகளைத் தொண்டில் ஈடுபடுத்த விழையும் எவரும் இதனை முதல் விதியாகக் கொள்ள வேண்டும். அவர்தம் உடல்நலம், உறக்கம், படிப்பு, விளையாட்டு ஆகியவற்றை விலையாகக் கேட்கும் தொண்டு தொண்டாகாது.

ஒரு பிடி அரிசி

இலக்கியத்தில் கண்ட இந்நெறி தமிழர் வாழ்வில் பல வடிவங்களில் இருந்துவந்தது. தண்ணீர்ப் பந்தல், சுமைதாங்கிக் கல், மாடு உராய்ந்துகொள்ளும் ஆவுரிஞ்சு கல் ஆகியவை ஊர்தோறும் இருந்தன. அவற்றுள் பிள்ளைகளின் கைக்கு எட்டிய அறம் பிடியரிசி. உலையில் இடும் அரிசியிலிருந்து நாள்தோறும் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பர். வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ ஊர்ப் பொதுக் காரியத்துக்கு அது திரட்டப்படும்.

விருதுநகரில் 1889ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சத்திரிய வித்தியாசாலை இவ்வாறு வீடுதோறும் ஒதுக்கப்பட்ட பிடியரிசியால் வளர்ந்த பள்ளி. பெருஞ்செல்வர் ஒருவர் கட்டித் தந்த பள்ளியாக இல்லாமல், அடுப்பெரியும் ஒவ்வொரு வீடும் பங்குகொண்ட பள்ளியாக அது விளங்கியது. அப்பள்ளியில் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் காமராசர். அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. முன்னதே பின்னதற்குக் காரணம் என்று அறுதியிட்டுக் கூற வேண்டியதில்லை. ஆயினும், பள்ளிக்கூடத்தை அரிசிப் பானையோடு இணைத்துப் பார்க்கும் பார்வை அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் புதிதாக இருந்திராது.

வடலூரில் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையும் ஊரார் பங்கால் எழுந்ததே. பார்வதிபுரத்து மக்கள் அதற்கு நிலம் அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அரிசியும் காய்கறியும் சுமந்து குடும்பம் குடும்பமாக அங்கு வருவோரைக் காணலாம். பெரியவர் மூட்டை சுமக்க, சிறியவர் கீரைக்கட்டைச் சுமப்பர். அவரவர் வலிமைக்கேற்ற சுமை.

பிடியரிசியின் சிறப்பு அதன் கணக்கில் உள்ளது. ஒரு பிடி 50 கிராம் என்று கொண்டால், 30 நாளில் ஒரு வீட்டில் ஒன்றரைக் கிலோ சேரும். 100 வீடுகள் கொண்ட தெருவில் 150 கிலோ. ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி என்றால், 1000 பேருக்கு ஒரு வேளைச் சோறு. எந்த வீட்டிலும் உலையரிசி குறைந்ததாகத் தெரிவதில்லை. இக்கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானே போட்டுப் பார்க்கலாம். போட்டுப் பார்த்த பிள்ளை, கலயத்தில் அரிசி இடும் வேலையை வேறொருவர்க்கு விட்டுத்தர மாட்டாது. நாள்தோறும் செய்வதால் பழக்கமாகிறது. தன் கையால் செய்வதால் தன்னுடையதாகிறது. பலரும் செய்வதால் பெருமை பேச இடமில்லாது போகிறது. பிள்ளைகளுக்கான தொண்டில் இம்மூன்று இயல்பும் அமைந்திருத்தல் நலம்.

பள்ளியும் ஊரும்

1958ஆம் ஆண்டு தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் சென்னை மாநிலமெங்கும் நடைபெற்றன. நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்த காலம் அது. ஊரார் தத்தம் பள்ளிக்கு மேசை, நாற்காலி, கரும்பலகை, கட்டடம் எனத் தம்மால் இயன்றதை வழங்கினர். தான் அமரும் பலகை தன் தெருக்காரர் ஒருவர் தந்தது என்று அறிந்த பிள்ளைக்கு, அப்பலகையில் கீறல் போட மனம் வராது.

காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் வழியே கல்லூரி மாணவர் பலர் சிற்றூர்களுக்குச் சென்றனர். அத்திட்டத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் பதினேழு, பதினெட்டு வயதில் முதன்முறையாக மண்வெட்டி பிடிக்கும் மாணவர்க்கு, அது முகாம் நாள்களுக்குரிய வேலையாகவே தோன்றிவிடும் இடர் உண்டு. ஏழு வயதில் வீட்டிலேயே தொடங்கியவர்க்கு முகாம் புதிய பாடமாக இராது. பழகிய பாடத்தின் அடுத்த பக்கமாக இருக்கும்.

1990களின் தொடக்கத்தில் நிகழ்ந்த அறிவொளி இயக்கம் இதற்கு வேறொரு சான்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அவ்வியக்கம் பேரெழுச்சியாகப் பரவியது. மாலையில் வேலை முடித்து வந்த பெண்கள் தெருவிளக்கின் கீழும் திண்ணையிலும் அமர்ந்து எழுத்தறிந்தனர். மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கற்பித்தவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத இளந்தொண்டர்கள். படித்த மகள் தொண்டராக நின்ற தெருவில், படிக்காத தாய் கற்பவராக அமர முடிந்தது. தொண்டு என்பது மேலிருப்பவர் கீழிருப்பவர்க்குச் செய்வது என்னும் எண்ணத்தை இவ்வியக்கம் தளர்த்தியது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வீட்டில் இருந்தனர். சில வேளைகளில் ஒரே பாயில் அமர்ந்தனர்.

துணி மூட்டைகள் சொன்ன பாடம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்து நாகப்பட்டினத்துக்கு உதவிப் பொருள்கள் குவிந்தன. அவற்றுள் பழைய துணி மூட்டைகள் மிகுதி. அவற்றில் பெரும்பகுதி எடுப்பாரின்றிச் சாலையோரங்களில் கிடந்ததை அந்நாளைய செய்தித்தாள்கள் படத்தோடு வெளியிட்டன. கடலையே நம்பி, யாரிடமும் கையேந்தாமல் வாழ்ந்த மீனவக் குடும்பங்கள், பிறர் உடுத்துக் கழித்ததை உடுக்க விரும்பவில்லை. கொடுத்தவர் மனத்தில் இரக்கம் இருந்தது. பெறுபவர் மானத்தைப் பற்றிய நினைவு இல்லை.

வீட்டில் பழைய துணிகளைக் கட்டும்போது அருகிலிருந்து பார்த்த பிள்ளை என்ன கற்றுக்கொண்டிருக்கும்? நமக்கு வேண்டாதது பிறர்க்குப் போதும் என்பதைத்தான். ஒரு பெற்றோர் அப்பொழுது பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: இச்சட்டையை உனக்குப் பிறர் கொடுத்தால் நீ உடுத்துக்கொள்வாயா? இக்கேள்விக்கு ஆம் என்று விடை வரும் துணியை மட்டும் கட்டினால், மூட்டை சிறிதாகும், அறம் பெரிதாகும்.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது வேறொரு காட்சி தெரிந்தது. கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் திருமண மண்டபங்களும் கதவு திறந்தன. வீட்டு அடுக்களைகளில் சமைத்த உணவு பொட்டலங்களாகக் கட்டப்பெற்றுத் தெருத்தெருவாகச் சென்றது. தாம் உண்ணும் அதே சோற்றைப் பிறர்க்கும் கட்டினர். பொட்டலம் மடிக்க உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல அறநூல் வகுப்பு வேறில்லை. வெள்ளம் வடிந்ததும் வகுப்பும் முடிந்துவிட்டது என்பதே வருத்தம். பேரிடர் நாளில் பொங்கும் அன்பை வெள்ளத்தோடு ஒப்பிடலாம். வறண்ட நாளிலும் சுரக்கும் கிணற்றைத் தோண்டுவதே குடும்பத்தின் வேலை.

எந்தத் தெருவரை?

இனி, சொல்லக் கசப்பாயினும் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. பிள்ளைகள் தொண்டைப் பெற்றோரிடம் கற்கின்றனர் என்றால், தொண்டின் எல்லையையும் பெற்றோரிடமே கற்கின்றனர். 2018ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் பள்ளியில் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்தனர். அவர் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டார். கண்டனம் எழுந்த பின்னர் அதே பள்ளியில் மீண்டும் அமர்த்தப்பட்டார். பசித்த பிள்ளைக்குச் சோற்றில் சாதி தெரியாது. தெரியச் செய்தவர் பெரியவர்.

தொண்டு செய்யும் குடும்பங்களும் இந்தக் கேள்விக்கு விலக்கல்ல. அடுத்த தெருவுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கலாம். அத்தெருவில் ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாகாது என்றிருந்தால், அங்குப் பிள்ளை கற்பது தொண்டன்று, மேன்மைச் செருக்கு. கொடுக்கச் சென்ற வீட்டில் கொடுத்ததைப் பெற்று உண்ணவும் அமர்ந்து பேசவும் பிள்ளையைப் பழக்காத ஈகை, பழைய கோட்டையே மறுபடியும் அழுத்தி வரைகிறது. ஒப்புரவு என்னும் சொல்லில் ஒப்பு இருக்கிறது. அந்த ஒப்பு இல்லாத உதவிக்கு வள்ளுவர் அப்பெயரை இட்டிருக்க மாட்டார்.

இத்தகைய இன்னொரு கோடு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. பொதுப்பணி என்று வரும்போது மகன் தெருவுக்கும் மகள் அடுக்களைக்கும் அனுப்பப்படுகின்றனர். மகன் கைதட்டல் பெறுகிறான். மகள் பாத்திரம் துலக்குகிறாள். குமணன் தந்த செல்வத்தை வழங்கும் உரிமையை மனைவிக்கு அளித்த பெருஞ்சித்திரனார் வழி இதுவன்று. இருவரும் சமைக்கவும் இருவரும் பரிமாறவும் பழகும் வீட்டில்தான் தொண்டு முழுமை பெறும். பிறர்க்கு உதவும் பிள்ளை தன் வீட்டுத் தாயின் வேலைச் சுமையைக் காணாதிருக்குமானால், அதன் பார்வையில் ஏதோ குறையுள்ளது என்றே கொள்ள வேண்டும்.

கல்வெட்டுகளில் வெட்டி என்னும் சொல் ஊதியமின்றி வாங்கப்பட்ட கட்டாய உழைப்பைக் குறித்தது. பயனற்ற வேலையை இன்று வெட்டி வேலை என்கிறது வழக்கு. மனம் ஒப்பாமல் செய்த வேலைக்கு மொழி வழங்கிய தீர்ப்பு அது. பிள்ளைகளை அதட்டித் தொண்டு செய்விப்போர் இச்சொல்லை நினைவிற்கொள்ளலாம். சான்றிதழுக்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் ஒளிப்படத்துக்காகவும் செய்விக்கும் தொண்டும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. உதவி பெறும் முதியவரை நடுவில் நிறுத்திப் படமெடுக்கும்போது, அவர் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பிள்ளை கவனிக்கிறது.

செய்யத்தக்க சில

பெரிய திட்டங்கள் தேவையில்லை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை பிடியரிசி இடலாம். கோடையில் பறவைகளுக்கும் தெருநாய்களுக்கும் தண்ணீர் வைக்கலாம். தண்ணீர்ப் பந்தலில் குவளையை எடுத்து நீட்டலாம். எட்டு முதல் பன்னிரண்டு வயதினர் கண்பார்வை மங்கிய முதியவர்க்கு நாளிதழ் படித்துக் காட்டலாம். தெருவில் உள்ள சிறுவர்க்கு வாய்பாடு சொல்லித் தரலாம். அதற்கு மேற்பட்டோர், பார்வையற்ற மாணவர்க்குப் பாடநூல்களைப் படித்து ஒலிப்பதிவு செய்து தரலாம்; விதிகள் இடந்தருமாயின் தேர்வு எழுதித் தரலாம். தமிழைப் பிழையின்றி உரக்கப் படிக்கும் பயிற்சியும் அதனால் வாய்க்கும். இலக்கிய வட்டத்தைச் சார்ந்த குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பணி ஒன்றைக் காண்பது அரிது. தந்தை ஓர் இயலைப் படிக்கலாம். மகள் அடுத்த இயலைப் படிக்கலாம். தாய் பிழை திருத்தலாம்.

மழைக்காலத்தின் முன்பாக ஏரிக்கரையில் பனை விதை ஊன்றுவது இன்னொன்று. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது பழமொழி. பனை பயன்தரப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். பூக்கும் வரை அது ஆண்பனையா பெண்பனையா என்பதும் தெரியாது. இன்று கொடுத்து இன்றே நன்றி பெறும் தொண்டினின்று இது வேறுபட்டது. தான் ஊன்றிய மரத்தின் நுங்கை யாரோ உண்பார் என்று தெரிந்தும் மண்ணைக் கிளறும் பிள்ளை, ஊருணியின் உவமையை உரையாசிரியர் துணையின்றியே உணர்ந்துவிடும்.

இவற்றைச் செய்யும்போது பெற்றோர் கருதவேண்டியவை சில. மாதம் ஒரு நாள் என்றாலும் தவறாமல் செய்தல் வேண்டும். என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளையும் கலந்தே முடிவுசெய்தல் வேண்டும். பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பெற்றோர் வீட்டில் இருத்தல் ஆகாது. உடன் செல்லுதல் வேண்டும். செய்த பின்னர், இன்று என்ன கண்டாய் என்று கேட்டுப் பொறுமையாகச் செவிமடுத்தல் வேண்டும். சில நாள்களில் பிள்ளை விடை தெரியாத வினாக்களைத் தொடுக்கும். அவர்களுக்கு ஏன் வீடில்லை, நமக்கு ஏன் இருக்கிறது என்று கேட்கும். அவ்வினாவுக்கு அஞ்சி வாயடைக்கலாகாது. இரக்கத்தில் தொடங்கிய தொண்டு நீதியைப் பற்றிய சிந்தனையாக வளர்வது அவ்வினாவிலிருந்துதான்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டம், அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் பள்ளி வாசலிலேயே ஆற்ற முனைந்தது. பசியைப் போக்கும் கடமையில் அரசு பெரும்பங்கை ஏற்றிருக்கும் நிலையில், குடும்பங்கள் செய்ய என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். சோறு தர அரசால் முடியும். பக்கத்து இலையில் அமர்ந்திருப்பவரை உடன்பிறப்பாகக் காணும் கண்ணைத் தர வீட்டால்தான் முடியும். அப்பணியை எந்தத் திட்டத்திடமும் ஒப்படைத்துவிட இயலாது.

பத்தாண்டுகள் நிறைந்த இவ்வட்டத்தின் கூட்டங்களுக்கு முதலாண்டில் தாயின் மடியில் இருந்து வந்த குழந்தைகள் இன்று பத்து வயதைத் தாண்டியிருப்பர். அவர்கள் கேட்டு வளர்ந்தவை திருக்குறளும் புறநானூறும் பெரியபுராணமும். அடுத்த பத்தாண்டுகளில் அவர்கள் கேட்டதைக் கைகளால் செய்து பார்க்கும் வாய்ப்பை அவர்தம் இல்லங்கள் அளிக்குமாயின், இந்த வட்டம் வளர்த்த தமிழ் ஊர் முழுவதற்கும் ஊருணி நீராகும். நாளைக் காலை உலையேற்றும்போது ஒரு சிறிய கலயத்தை அருகில் வைத்து, வீட்டின் இளைய பிள்ளையை அழைத்தால் போதும்.